முதல் தெரு: புகார் ஏதும் இல்லை

பேனா வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துத்தான் இந்த சீட்டுக்கு வந்தேன், தப்பாக நினைக்காதீர்கள் சார். இந்தக் காலத்தில் யார் சட்டைப் பையில் பேனா இருக்கிறது? இன்றைக்குத் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். ஐந்நூறு பேர் மனுவோடு நிற்கிறார்கள், ஒருத்தரிடமும் பேனா இல்லை. எல்லாம் கடையில் டைப் அடித்து வாங்கிய மனு. நான் மட்டும் கைப்பட எழுதிக்கொண்டு போனேன். குறை இருக்கிறவன் தன் கையால் எழுதினால்தான் அதில் ஒரு உண்மை இருக்கும். அது என் கொள்கை.

ஜன்னலோரம் நீங்களே இருங்கள், எனக்குக் காற்று ஆகாது.

செம்பாறைப்பட்டி கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இந்த பஸ் போகிற வழிதான், இன்னும் முக்கால் மணி நேரம். நான் வையாபுரி. இருபத்து மூன்று வருஷம் அந்த ஊருக்கு டேங்க் ஆபரேட்டர். பெரிய தொட்டிக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி, காலையில் தெருத் தெருவாக வால்வு திறந்துவிடுகிற வேலை. இப்போது இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு பெண் ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தாள். அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் நாலு தெரு. டேங்க் இருப்பது முதல் தெருவில், என் வீட்டுக்குப் பின்னால். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. அப்புறம் ஒரு ஓடை. ஓடையைத் தாண்டி, ரோடு மேடேறுகிற இடத்தில், கடைசித் தெரு. தெருவுக்கு அரை மணி. காலை ஆறு மணிக்கு முதல் தெரு, ஆறரைக்கு இரண்டு, ஏழுக்கு மூன்று, ஏழரைக்குக் கடைசித் தெரு. எட்டு மணிக்கு மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன். அரை மணி என்றால் அரை மணிதான் சார். என் தங்கச்சி கல்யாணத்தன்றுகூடத் தாலி கட்டுகிற நேரத்தில் எழுந்துபோய் வால்வு மூடிவிட்டு வந்தவன் நான். யாருக்கும் ஒரு நிமிஷம் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. நியாயம் என்றால் அது. கையில் கட்டியிருக்கிற வாட்ச்சில் இருக்கிறது நியாயம். அதற்குக் குடம் எதற்கு?

போன மாசியில் அந்தப் பெண் வந்தாள். ஜெசிந்தா என்று பேர். ஏதோ காலேஜில் ஆராய்ச்சி. ஊர்ச் சொத்தை ஊர் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறது என்று அளந்து பார்க்கிற ஆராய்ச்சியாம். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இப்படி ஒரு படிப்பு. ஒரு ஸ்கூட்டி, ஒரு குடம், கையில் போன். காலையில் வந்து தெருக் குழாயடியில் உட்கார்ந்துவிடுவாள். குடத்தை வைப்பாள், போனைத் தட்டுவாள், குடம் நிரம்பியதும் இன்னொரு தட்டு. இதற்கு ஒரு யுனிவர்சிட்டி, அதற்கு ஒரு வைஸ் சான்ஸ்லர்.

"என்னம்மா, வீட்ல தண்ணி இல்லையா, இங்க வந்து பிடிக்கிற?" என்று கேட்டேன்.

"பிடிக்கல ஐயா, அளக்குறேன்."

"அளந்து?"

"எழுதிக்குவேன்."

"எழுதி?"

"ஒவ்வொரு தெருவுக்கும் எவ்வளவு வருதுன்னு பார்ப்பேன் ஐயா."

"அதுக்கு எதுக்கும்மா இவ்வளவு சிரமம்? என்னைக் கேட்டா சொல்லிட்டுப் போறேன். எல்லாத் தெருவுக்கும் அரை மணி. எழுதிக்கிட்டு வண்டியை எடு."

எழுதிக்கொண்டாள். ஆனால் வண்டியை எடுக்கவில்லை.

மூன்று மாதம் வந்தாள் சார். என் வீட்டுக்கும் வந்தாள். நாங்கள் அவளை மரியாதையாகத்தான் நடத்தினோம். என் வீட்டுக்காரி காபி கொடுத்தாள். டேங்க் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். எனக்கு என்ன பயம்? என்றைக்கு மோட்டார் போட்டேன், எத்தனை மணிக்கு வால்வு திறந்தேன், என்றைக்கு கரண்ட் போய்த் திறக்கவில்லை, எல்லாம் ஒரு நாள் விடாமல் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்து ஊர் ஆபரேட்டர்கள் ஆடிட் வருகிற அன்றைக்கு மொத்தமாக உட்கார்ந்து எழுதுவார்கள். நான் அப்படி இல்லை. அன்றன்றைக்கு எழுதினேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

அவள் அதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு வருஷத்தில் எந்தத் தெருவுக்கு எத்தனை நாள் தண்ணீர் திறக்கவில்லை என்று கூட்டியிருக்கிறாள். முதல் தெரு, பூஜ்யம். இரண்டாவது, நாலு நாள். மூன்றாவது, பத்தொன்பது. கடைசித் தெரு, அறுபத்தொன்று. வந்து என்னிடமே காட்டுகிறாள்.

"ஏன் ஐயா இப்படி?"

"கரண்ட் போனா டேங்க் நிறையாது. நிறையலைன்னா கடைசியா இருக்கிறவங்களுக்குப் பத்தாது. எழுதியிருக்கேன்ல, மின்தடைன்னு?"

"எப்பவும் கடைசியா இருக்கிறவங்க அவங்கதானே ஐயா?"

"கடைசித் தெரு கடைசியா இல்லாம முதல்லயாம்மா இருக்கும்?"

எழுதிக்கொண்டாள். கேள்வி கேட்கத் தெரிகிறது, சின்ன விஷயம் புரியவில்லை. வரிசை என்று ஒன்று இருக்க வேண்டாமா? பந்தியில் கடைசி இலைக்குப் பாயசம் தீர்ந்துவிட்டால் பரிமாறுகிறவன் மேல் கேஸ் போடுவார்களா?

அப்புறம் வால்வைப் பார்த்தாள். முதல் தெரு வால்வை முழுக்க மூடாமல் இரண்டு சுற்று விட்டு வைத்திருக்கிறேனாம், ஏனாம். முழுக்க மூடினால் திருகு தேய்ந்துவிடும் சார், வேலை தெரிந்த எவனும் சொல்வான். அந்த இரண்டு சுற்றில் எங்கள் தெருவுக்கு எட்டு மணி வரைக்கும் கொஞ்சம் கசியும். என் வீட்டுத் தென்னம்பிள்ளை ஏழுக்கும் அதில்தான் பாய்ச்சுவேன். கசிகிற தண்ணீர் வீணாகக் கூடாது என்பதற்காக. "அப்ப கடைசித் தெரு வால்வை மட்டும் முழுசா மூடுறீங்களே ஐயா?" என்கிறாள். அது மேடு சார். திறந்து வைத்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். தண்ணீருக்கு மேடேறத் தெரியவில்லை என்றால் நானா பொறுப்பு? தண்ணீருக்குத் தெரியுமா யார் எந்தத் தெரு என்று?

நீங்கள் எந்த ஊர் சார்? சரி, வேண்டாம். எந்த ஊராக இருந்தால் என்ன, எல்லா ஊரிலும் இப்படி ஒரு மேடு இருக்கும்.

இப்போது நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் முக்கியம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்றிய ஆபீஸிலிருந்து உத்தரவு. ஒவ்வொரு ஊரிலும் குடிநீர்ப் புகார்ப் பதிவேடு வைக்க வேண்டும், எந்தத் தெருவில் புகார் அதிகமோ அங்கே முதலில் வேலை நடக்கும் என்று. எல்லா ஊரிலும் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி பீரோவுக்குள் போட்டார்கள். நான் இருநூறு பக்க நோட்டு வாங்கி, அட்டை போட்டு, நைலான் கயிற்றில் ஒரு பேனாவையும் கட்டி, என் வீட்டு முன் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் விதியும் எழுதினேன். "குறை உள்ளவர் நேரில் வந்து தம் கைப்பட எழுத வேண்டும். பிறருக்காகப் பிறர் எழுதுதல் கூடாது." கீழே என் கையெழுத்து. வேண்டாதவன் ஒருத்தன் ஊரார் பேரில் நூறு புகார் எழுதி வைத்தால் என்ன ஆவது?

எட்டு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு புகார். முதல் தெரு நூற்று முப்பத்தொன்று. தண்ணீர் வேகமாக வந்து தெறிக்கிறது, குழாய்த் திருகு சத்தம் போடுகிறது, பாத்ரூம் தொட்டி நிரம்ப நேரமாகிறது, எல்லாம் எழுதுவார்கள். என் வீட்டுக்காரியே பதினாறு எழுதியிருக்கிறாள், புருஷன் என்று பார்க்கவில்லை. இரண்டாவது தெரு ஐம்பத்தாறு. மூன்றாவது இருபத்தைந்து. கடைசித் தெருவிலிருந்து ஒன்றுகூட இல்லை. எட்டு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை சார்! எங்கள் தலைவர் அம்மாவின் வீட்டுக்காரர் ராசாங்கம், தலைவர் அந்த அம்மாதான், பேசுவது இவர், அவர் ஒவ்வொரு கிராம சபையிலும் எழுந்து படிப்பார். "நான்காவது தெரு: புகார் ஏதும் இல்லை." கை தட்டுவார்கள். இதைப் பார்த்துத்தான் ஒன்றியத்தில் எங்கள் ஊருக்குக் கேடயம் கொடுத்தார்கள், பாரபட்சமில்லாத குடிநீர் விநியோகம் என்று. என் வீட்டு டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். புது பைப் லைன் வந்தபோதும் முதல் தெருவுக்குத்தான் போட்டார்கள். புகார் அங்கேதானே இருக்கிறது?

ஜெசிந்தா அந்த நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். தாள் கிழிந்துவிடப் போகிறது என்றே நினைத்தேன்.

"அந்தத் தெருவுல இருந்து ஒருத்தர்கூட எழுதலையே ஐயா."

"குறை இல்லை, எழுதலை."

"இந்த கேட்டைத் தாண்டி அவங்க வருவாங்களா?"

கேட்டாளே ஒரு கேள்வி! எனக்கு வந்தது கோபம். "நான் யாரையாவது வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா? அங்க போய்க் கேளு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனான்னு கேளு" என்றேன். சொன்னதே இல்லை சார். சத்தியமாகச் சொன்னதே இல்லை. கேட்டில் பூட்டு கிடையாது. நாய் ஒன்று உண்டு, அதுவும் கட்டித்தான் கிடக்கும். எட்டு வருஷத்தில் அவர்களில் ஒருத்தரும் அந்த கேட்டைத் தொடவில்லை என்றால் குறை இல்லை என்றுதானே அர்த்தம்?

ஒருத்தன் வந்தான், பொய் சொல்ல மாட்டேன். கொளஞ்சி என்று, கடைசித் தெரு ஆள். நாலு வருஷம் முன்னால், சித்திரை வெயிலில், கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். என்னைவிட இரண்டு வயசு மூத்தவன். "என்னடா கொளஞ்சி, என்ன சேதி?" என்று அன்பாகத்தான் கேட்டேன்.

"தண்ணி ஏற மாட்டேங்குது ஐயா. எட்டு நாளாச்சு. நோட்டுல எழுதணும்னு சொன்னாங்க."

"சரி, சொல்லிட்ட இல்ல? போ, நான் எழுதிக்கிறேன்."

எழுதினேனா என்றால், எழுதவில்லை. எப்படி எழுதுவது? முதல் பக்கத்தில் விதி இருக்கிறதே, பிறருக்காகப் பிறர் எழுதக் கூடாது என்று. நானே போட்ட விதியை நானே மீறலாமா? வெயிலில் வந்திருக்கிறானே என்று என் வீட்டுக்காரி சொம்பில் தண்ணீர் எடுத்துப்போய், அவன் இரண்டு கையையும் சேர்த்து நீட்ட, மேலேயிருந்து ஊற்றினாள். வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போனான். எங்களைப் போய் வித்தியாசம் பார்க்கிறோம் என்கிறார்கள்.

இதை அந்தப் பெண்ணிடம் நானே சொன்னேன், எங்கள் வீட்டு மனசு எப்படி என்று தெரியட்டும் என்று. அவள் கயிற்றில் தொங்கிய பேனாவைக் கையில் எடுத்தாள். அப்புறம் கேட்டாள், "அவர் சார்பா நான் எழுதட்டுமா ஐயா, இந்த நோட்டுல?"

"முதல் பக்கத்தைப் படிம்மா. யார் குறையை யார் எழுதுறது? குறை இருக்கிறவனுக்குக் கால் இருக்கு. நடந்து வந்து எழுதட்டும்."

அதையும் எழுதிக்கொண்டாள்.

மே ஒன்றாம் தேதி கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். ஒன்றிய இன்ஜினீயர் வந்திருந்தார். ராசாங்கம் எழுந்து வழக்கம்போலப் படித்தார். கை தட்டினார்கள். அப்புறம் ஜெசிந்தா எழுந்தாள். படம் போடுவாள், கோடு கோடாகக் காட்டுவாள், பார்த்துக்கொண்டே தூங்கலாம் என்று நான் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் படமெல்லாம் போடவில்லை. கடைசித் தெருப் பெண்கள் வரிசையாக வந்தார்கள், இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று என்று காலிக் குடங்களோடு. மைதானத்தில் அடுக்க ஆரம்பித்தார்கள்.

முதல் தெருக் குழாயில் ஒரு குடம் நிரம்ப முப்பத்தைந்து விநாடி. அரை மணியில் ஐம்பத்தொரு குடம். அடுக்கிவிட்டார்கள் ஐம்பத்தொன்று, மைதானத்தின் இந்த முனையிலிருந்து கொடிக் கம்பம் வரைக்கும். கடைசித் தெருவில் வால்வு திறந்ததும் பத்து நிமிஷம் வெறும் காற்று, அப்புறம் குடத்துக்கு ஐந்து நிமிஷம். அரை மணியில் நாலு குடம். நாலு வைத்தார்கள். அந்தக் குழாய்க்குப் பதினாலு வீடு என்றாள். அவ்வளவுதான் அவள் பேச்சு. உட்கார்ந்துவிட்டாள்.

இதுவா சார் ஆராய்ச்சி? பாத்திரக் கடை போடுகிறவன்கூட இதைவிட அழகாக அடுக்குவான். நான் எழுந்து சொன்னேன், "எல்லாருக்கும் அரை மணி. வாட்ச் இருக்கு, பதிவேடு இருக்கு. ஒரு நிமிஷம் குறைச்சேன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்."

ஒருத்தரும் சொல்லவில்லை. ஆனால் பவுனு என்று ஒருத்தி, கொளஞ்சியின் மருமகள், எழுந்தாள். "பெரியவரே" என்று கூப்பிட்டாள். அவள் மாமனார் இன்றைக்கும் என்னை ஐயா என்பான். இவளுக்குப் பெரியவரே.

"பெரியவரே, நீங்க ஒரு நிமிஷமும் குறைக்கல. நாங்க சாட்சி. அரை மணியும் எங்க குழாய் பாட்டுப் பாடுது. காத்தைக் குடத்துல பிடிச்சு உலை வைக்க முடியுமான்னு மட்டும் சொல்லிக் குடுங்க, அப்புறம் பேசல."

சிரித்தார்கள். எங்கள் தெருக்காரர்களே சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணு. உங்க தெருக் கணக்குக்குன்னு குடம் கேட்டோம், உங்க தெருவுல ஒரு வீடும் குடுக்கல. அந்த ஐம்பத்தொண்ணும் எங்க வீட்டுக் குடம். என்னைக்காவது வரும் வரும்னு வாங்கி வாங்கி வச்ச குடம். வேணும்னா எடுத்துக்குங்க. தண்ணிய இந்தப் பக்கம் விடுங்க."

நான் என்ன சொல்வேன்? "நோட்டு வச்சிருக்கேனே, ஏன் வந்து எழுதல?" என்று கேட்டேன். நியாயமான கேள்வி. கொளஞ்சி பின்னால் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். கையைப் பார்த்துக்கொண்டான். பேசவில்லை. பதில் இருந்தால்தானே பேசுவான்?

இன்ஜினீயர் குடங்களுக்கு நடுவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். அப்புறம் அங்கேயே உத்தரவு போட்டார். இனி மணிக் கணக்கு இல்லை, குடக் கணக்கு. டேங்க் நிறைந்திருக்கும்போது முதலில் கடைசித் தெரு, முழு வால்வு. கடைசியில் முதல் தெரு, மூன்று சுற்று மட்டும். மற்ற நேரம் முழுக்க மூட வேண்டும். திருகு தேய்ந்தால் புதுசு போட்டுக்கொள்ளலாமாம். எனக்கு அறுபது தாண்டிவிட்டதால் ஓய்வு. வால்வு சாவி பவுனுக்கு. அந்த இரும்புச் சாவி என் கையில் இருபத்து மூன்று வருஷம் இருந்தது சார். மறுநாள் அவள் வந்து வாங்கிக்கொண்டாள். கேட்டைத் திறந்து, நேராக உள்ளே வந்து, "சாவி குடுங்க பெரியவரே" என்று வாங்கினாள். ஜன்னலில் தொங்கிய நோட்டையும் கயிறோடு கழற்றிக்கொண்டு போனாள். ஆபரேட்டர் இருக்கிற தெருவில்தான் பதிவேடு இருக்க வேண்டுமாம். இப்போது அது கடைசித் தெரு அங்கன்வாடி ஜன்னலில் தொங்குகிறது. அதே நோட்டு, அதே முதல் பக்கம், என் கையெழுத்து.

இப்போது எங்கள் கதையைக் கேளுங்கள். முதல் தெருக் குழாயில் ஒரு குடத்துக்கு இரண்டு நிமிஷம். கடைசித் தெருவிலும் இரண்டு நிமிஷமாம். அரை மணிக்குப் பதினைந்து குடம். ஐம்பத்தொன்று எங்கே, பதினைந்து எங்கே! இதற்குப் பேர் சமமாம். சமம் என்றால் அவர்களுக்கு ஐம்பத்தொன்று கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? எங்களுடையதில் ஏன் கை வைக்கிறீர்கள்? தென்னம்பிள்ளை ஏழில் மூன்று குருத்து காய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரி இந்த வயசில் பக்கெட்டை வைத்துக்கொண்டு குழாய்க்கு முன்னால் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். பாத்ரூம் தொட்டி நிரம்பியே ஏழு மாதம் ஆகிறது.

போய் நோட்டில் எழுத வேண்டியதுதானே என்பீர்கள். எப்படி சார் போவது? அந்தத் தெருவுக்குள்ளே! இருபத்து மூன்று வருஷத்தில் நான் உள்ளே போனதே இல்லை. போக வேண்டிய வேலையும் இல்லை, அவர்கள் வால்வு ஓடைக்கு இந்தப் பக்கமே இருக்கிறது. திறந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். எங்கள் தெருவில் ஒருத்தரும் போக மாட்டார்கள். யாரும் போகக் கூடாது என்று சொல்லவில்லைதான். சொன்னால்தானா? சிலதெல்லாம் சொல்லாமலே தெரியும், மனுஷனுக்குக் கூச்சம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? போதாததற்கு அங்கன்வாடி வாசலில் ஒரு நாய். கட்டிப் போடுவதும் இல்லை.

ஒரு தடவை போனேன். ஐப்பசியில். தெரு முனை வரைக்கும் போய் நின்றேன். கொளஞ்சி பார்த்துவிட்டான். எழுந்து வந்தான்.

"வாங்க ஐயா, என்ன இவ்வளவு தூரம்? ஏன் அங்கயே நிக்கிறீங்க?"

"சும்மாத்தான்."

"உள்ள வாங்க. நோட்டுதானே? நூறு அடிதான்."

"இல்லை, வேண்டாம்."

"அப்ப என்னன்னு சொல்லுங்க, பவுனுகிட்டச் சொல்லி எழுதச் சொல்றேன்."

எழுதச் சொல்வானாம்! சொன்னால் எழுதிவிடுவார்களா? எனக்குத் தெரியாதா அதெல்லாம் எப்படி நடக்கும் என்று? நல்ல வெயில். அவன் உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தான். கையில் ஊற்றவில்லை, டம்ளரையே நீட்டினான். "குடிங்க ஐயா, நம்ம டேங்க் தண்ணிதான்." எனக்குத் தாகம் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். தொண்டை வறண்டு போய்த்தான் வீடு வந்து சேர்ந்தேன், அது வேறு விஷயம்.

அதனால்தான் இன்றைக்கு நேராகக் கலெக்டர் ஆபீஸுக்கே போனேன். நாலு பக்கம் மனு, கைப்பட. சாவியும் நோட்டும் என் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், முதல் தெருவுக்குப் பழையபடி தண்ணீர் வேண்டும். வரிசையில் மூன்று மணி நேரம். கவுன்ட்டரில் ஒரு பையன், மீசைகூட முளைக்கவில்லை. மனுவைப் படிக்கவே இல்லை. கம்ப்யூட்டரைத் தட்டினான்.

"செம்பாறைப்பட்டி, முதல் தெருவா? போன ஏழு மாசத்துல புகார் ஏதும் இல்லைன்னு வருதே ஐயா."

"இதோ என் கையில இருக்கே, நாலு பக்கம்!"

"இது இல்ல ஐயா. உங்க ஊர்ப் பதிவேட்டுல. அங்க எழுதியிருந்தாத்தான் இங்க ஏறும். ஏறினாத்தான் நடவடிக்கை. உங்க தெருவுல எல்லாருக்கும் திருப்தின்னு இருக்கு. பாருங்க, பச்சையாக் காட்டுது." திரையைத் திருப்பியே காட்டினான். எங்கள் தெரு பச்சைப் பசேல் என்று இருந்தது.

"எழுதலைன்னா குறை இல்லைன்னு அர்த்தமாடா?" என்று கத்திவிட்டேன். ஐந்நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாருங்கள் சார் அநியாயத்தை! எழுதாதவனுக்கு வலியே இல்லை என்று எந்த மடையன் கணக்குப் போடுவான்? அவன் எழுதுகிற இடத்துக்குப் போக முடிகிறதா, முடியவில்லையா என்று ஒருத்தன் வந்து பார்க்க வேண்டாம்? இதுதான் இவர்கள் புள்ளிவிவரம். இதற்குத்தான் படித்தவர்கள் குடம் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். அந்தப் பெண் இதையெல்லாம் எப்படி விட்டாளோ தெரியவில்லை.

என்ன சார், என்னையே பார்க்கிறீர்கள்?

சரி, ஓடைப் பாலம் வந்துவிட்டது. அதோ மேடு தெரிகிறது பாருங்கள், அதுதான் கடைசித் தெரு, எங்கள் ஊர் ஸ்டாப்பும் அதுதான். என் வீடு இன்னும் ஒரு கிலோமீட்டர் உள்ளே, நான் ரோட்டைச் சுற்றி நடந்து போய்விடுவேன். பஸ் இங்கே பத்து நிமிஷம் நிற்கும். டிரைவர் டீ குடிப்பார்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், செய்வீர்களா? நீங்கள் வெளியூர். உங்களை யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இறங்கினால் வலது கைப் பக்கம் மூன்றாவது கட்டடம் அங்கன்வாடி. ஜன்னலில் நோட்டு தொங்கும். கயிற்றில் நான் கட்டிய பேனா எழுதாது, வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்து காய்ந்திருக்கும். அதற்குத்தான் உங்கள் பேனாவைப் பார்த்ததும் வந்து உட்கார்ந்தேன். நிறைய வேண்டாம், இரண்டே வரி. "முதல் தெரு. வையாபுரி. தண்ணீர் போதவில்லை." அவ்வளவுதான். நான் இங்கே டீக்கடை ஓரமாக நிற்கிறேன்.

போய்விட்டு வாருங்கள் சார். முதல் பக்கத்தை மட்டும் புரட்ட வேண்டாம்.